முன்படலையால் வந்தவர்கள்

எங்கள் ஆட்களில் செத்துப்போனவர் எவரைப் பற்றியும் குறைவாக ஒரு சொல் அச்சில் வந்ததில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, மரக்கறிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்காரும்போது ஆளுக்கொரு புத்தகம் கையில் தருவார்கள். அட்டையில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, தேவாரம், இரங்கற்பா, கடைசிப் பக்கத்தில் நன்றி. கல்வெட்டு என்று அதற்குப் பெயர். லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு தட்டு நிறையக் கல்வெட்டுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். எல்லாரும் செல்வாக்கான குடும்பத்தில் பிறந்தவர்கள். எல்லாருக்கும் எப்போதும் சிரித்த முகம். இவர்களில் சிலரோடு நான் வருடக்கணக்காகப் பழகியவள், ஒருநாளும் சிரித்துக் கண்டதில்லை.

போன வருடம் என் கணவரின் அப்பா யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில் கண்ணை மூடினார். மாமி அவருக்கு முன்பே போய்விட்டார். கணவர் அவசரமாக விமானம் ஏறிப் போய் மாமாவுக்குக் கொள்ளி வைத்தார். வேலையில் கிடைத்த லீவு அவ்வளவுதான். அந்தியேட்டியை லண்டனில், ஒரு மண்டபம் எடுத்துச் செய்வதென்று முடிவானது. மாமி செத்தபோது கல்வெட்டு எதுவும் போடவில்லை. இந்த முறை இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று போடவேண்டும், அதைச் சபையில் எல்லார் முன்னாலும் வாசிக்கவேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

கணவர் தயங்கினார். அவர் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஊரில் என் பிறந்த வீட்டு உடுப்பை வெளுத்தவர்கள் மாமாவும் மாமியும்தான். வீட்டின் பின்பக்கத்தால் வருவார்கள், அழுக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு போவார்கள், பிறகு தோய்த்து மடித்து அதே பின்பக்கத்தால் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு வீட்டு உடுப்பின் ஓரத்திலும் சேங்கொட்டை மையால் ஒரு குறி இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத மாமி அந்தக் குறிகளை மாறாமல் வாசித்து வீடு வீடாகப் பிரித்துவிடுவார். கூலி நெல்லும் சோறும். தெருவைப் பார்த்த வாசல் கதவு, முன்படலை, அவர்களுக்குத் திறந்ததில்லை. என் அப்பாவைவிட வயது கூடிய அந்த மனிதரை எங்கள் வீட்டில் எல்லாரும் பெயர் சொல்லி, ‘டா’ போட்டுத்தான் கூப்பிட்டார்கள். நடக்கப் பழகிய பிள்ளைகளும் அப்படித்தான்.

நான் பெரியபிள்ளையானபோது எனக்குத் தோய்த்த மாற்றுச் சேலையைக் கொண்டுவந்து உடம்பில் சுற்றிவிட்டவர் மாமி. ஊர் வழக்கப்படி அந்த வேலை அவருடையது. நான் கழற்றிப் போட்ட உடுப்பை எடுத்துப் போனவரும் அவர்தான். அந்தச் சாமத்தியச் சடங்குப் படங்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் தலை நிறையப் பூவோடு நிற்கிறார்கள். மாமி ஒரு படத்திலும் இல்லை.

அவர்களுடைய மூத்த மகனும் நானும் ஒரே ரியூஷன் வகுப்பில் படித்தோம். கணக்கில் அவரை அடிக்க ஆள் இல்லை. எனக்குக் கணக்கு சுட்டுப்போட்டாலும் வராது. மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கொழும்புக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்தோம். பிறகு லண்டன். அவர் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வேலை, நான் ரேர்மினலுக்குள் ஒரு கடையில். ஷிப்ட் மாறி மாறி வேலை செய்து ஒரு மகளை வளர்த்தோம். வாய்விட்டுச் சண்டை போடுவோம், வாய்விட்டுச் சிரிப்போம். நல்ல சீவியம்.

ஆனால் லண்டன் தமிழர்கள் சந்தித்த உடனே ஊரை விசாரிப்பார்கள். ஊரைச் சொன்னால் பகுதியைக் கேட்பார்கள், பகுதியைச் சொன்னால் ஆருடைய பிள்ளை என்று கேட்பார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். கணவர் ‘யாழ்ப்பாணம் ரவுண்’ என்று நகரத்தைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். எனக்கு ஒவ்வொரு தடவையும் பற்றிக்கொண்டு வரும். அவருக்காக வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

என் அண்ணை ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நெடுங்காலம் அவர் என்னோடு பேசவில்லை. எங்கள் அம்மா செத்த பிறகு ஒருநாள் கடைச் சாமான் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். நான் அழுதேன், அவரும் அழுதார். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருதரமாவது வருவார், என் கணவரோடு இருந்து கிரிக்கெட் பார்ப்பார், மருமகளுக்கு மாம்பழம் கொண்டுவருவார். மச்சானின் தாய் தகப்பன் ஆர் என்ற பேச்சு மட்டும் எங்கள் வீட்டில் எழாது. எழக்கூடாது என்பதுதான் அவர் வந்ததற்கு விலை. மாமி செத்தபோது இணையத்தில் போட்ட மரண அறிவித்தலில் பிள்ளைகள் பெயரில் என் கணவரின் பெயர் இல்லை. அவரேதான் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்துத் தன் பெயரை எடுக்கச் சொன்னார். அண்ணை திரும்ப வந்திருந்த நேரம் அது. எனக்கு அண்ணை வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

கல்வெட்டு வாசிப்பதில் அண்ணையை விட்டால் கிழக்கு லண்டனில் ஆள் கிடையாது. வெண்கலக் குரல். எங்கே அந்தியேட்டி நடந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். என் வீட்டில் நடக்கும்போது அவர் வாசிக்காவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்குமா? ‘நான் வாசிக்கிறன் பிள்ளை, நீ யோசியாதை. மரக்கறியும் என்ரை கடையிலை இருந்துதான்’ என்று தானாகவே சொன்னார். எழுதப்போவது என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அச்சகக்காரரும் ஃபாரஸ்ட் கேட்தான். பெயர்களையும் படத்தையும் மட்டும் முதலில் அனுப்பியிருந்தேன், வரலாறு பிறகு தருகிறேன் என்று. அவர் பொறுக்கவில்லை. தன்னிடம் இருந்த ஆயத்தப் பக்கத்தில் பெயர்களைப் போட்டு மாதிரிப் பிரதி அனுப்பிவிட்டார். திறந்து பார்த்தால், என் மாமா பாரம்பரியமிக்க கமக்காரக் குடும்பத்தில் பிறந்து, காணி பூமியோடு சீரும் சிறப்புமாக வாழ்ந்து, தம்மை நாடி வந்த தொழிலாளர்களை அன்போடு ஆதரித்தவராக இருந்தார். எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. அச்சகக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“எல்லாருக்கும் உதுதான் அக்கா போடுறனாங்கள். பேரை மாத்தினால் சரி. இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை” என்றார்.

செத்தவர்கள் குறை சொல்லமாட்டார்கள்தானே.

அன்று பின்னேரம் அண்ணை வந்திருந்தார். மாதிரிப் பிரதியைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, மெல்லிய குரலில் வாசித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளாக மனதில் வைத்திருந்த பயம் ஒன்று இறங்கினதுபோல இருந்தது.

“கடவுளாப் பாத்துத் தந்திருக்கு. உப்பிடியே விடு” என்றார்.

“உது மாமா இல்லை அண்ணை.”

“ஏன் இல்லை? அந்த மனுசன் கடைசிக் காலம் முழுக்க வெங்காயம் வைச்சவர்தானே? கமக்காரன் எண்டு போட்டால் பொய்யே?”

பொய் இல்லைதான். அதுதான் என்னை மடக்கியது. நாங்கள் ஊரை விட்ட பிறகு மாமாவும் மாமியும் வெளுக்கிற தொழிலை விட்டுக் குத்தகைக் காணியில் வெங்காயம் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஏன் விட்டார்கள், எப்படி விட்டார்கள் என்று தெரியாது. கணவருக்கும் தெரியாது. நாங்கள் அனுப்பின காசில் தொடங்கியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தோம். அவர் அண்ணைக்கு எதிரில் இருந்து தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே, “விடுமப்பா, உதிலை என்ன பிழை இருக்கு?” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அண்ணை போன பிறகு ஊருக்கு எடுத்தேன். கணவரின் தங்கை, என் மச்சாள், அதே வீட்டில்தான் இருக்கிறாள். வெங்காயம் வைக்கத் தொடங்கின கதையைக் கேட்டேன். அவள் சொன்னாள்:

“என்ரை அண்ணைக்குச் சொல்லப்படாது எண்டு அம்மா என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. இப்ப ரெண்டு பேரும் இல்லை. சொல்லுறன் மச்சாள்.”

நாங்கள் கொழும்பில் கல்யாணம் செய்த செய்தி ஊருக்குப் போன அன்று, என் அப்பா மாமாவையும் மாமியையும் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் உடனே போகவில்லை. வீட்டில் கிடந்த எல்லா வீட்டு உடுப்பையும் தோய்த்தார்கள், காயவைத்தார்கள், இஸ்திரிப்பெட்டியில் சிரட்டைக் கரி போட்டு ஒவ்வொன்றாக மினுக்கினார்கள். மாமி குறி பார்த்து வீடு வீடாகப் பிரித்துக் கட்டினார். பிறகு இரண்டு பேரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் முன்படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். விறாந்தையில் மூட்டையை வைத்து, ‘இனி எங்களுக்கு ஏலாது, வேறை ஆளைப் பாருங்கோ’ என்று சொல்லிவிட்டு, வந்த வழியாலேயே வெளியே வந்தார்கள். கடைசியாகப் போனது எங்கள் வீட்டுக்கு.

அதற்குப் பிறகு அவர்களுக்கு ஊரில் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. கிணற்றடிப் பேச்சு, கடைத்தெருப் பேச்சு எல்லாம் கேட்டார்கள். குத்தகைக்குக் காணி கொடுக்க ஒருவரும் இல்லாமல் அயலூரில் போய் எடுத்தார்கள். முதல் தடவை வைத்த வெங்காயம் மழையில் அழுகியது. திரும்ப வைத்தார்கள். நாங்கள் அனுப்பின காசு போய்ச் சேருவதற்கு முன்பே அவர்கள் தங்கள் காலில் நின்றுவிட்டார்கள்.

“அம்மாதான் முதல் படலையைத் திறந்தவ” என்றாள் மச்சாள். “அப்பா கொஞ்சம் தயங்கினவராம். அம்மா சொன்னாவாம், எங்கடை பிள்ளை அந்த வீட்டு மருமகன், நாங்கள் இனிப் பின்னாலை போனால் அவனை ஆர் மதிக்கிறது எண்டு.”

நான் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கணவர் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை வைத்த பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். கையும் கழுவவில்லை, கோப்பையும் கழுவவில்லை. நான் போய்க் குழாயைப் பூட்டினேன். “எழுதும்” என்றார். அந்த ஒரு சொல்தான்.

மகளுக்கு அன்றைக்குத்தான் எல்லாம் தெரிந்தது. நான் எழுதுவதைக் கொம்பியூட்டரில் அடித்துத் தர இருந்தவள் அவள். அப்பப்பா உடுப்பு வெளுத்தவர் என்று சொன்னதும், “அதுக்கா அப்பா எல்லாரிட்டையும் ரவுண் ரவுண் எண்டு சொன்னவர்?” என்று கேட்டாள். பொறுமையாக விளங்கப்படுத்தினேன். பாதியில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரில் அவர்களை நடத்தின விதத்துக்கு வந்த கோபம் பிறகு எங்கள் பக்கம் திரும்பியது. “இவ்வளவு பெரிய கதை எங்கடை வீட்டிலை இருந்திருக்கு. எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் என்ன, வெளி ஆளா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் எழுதத் தொடங்கினேன்.

எழுதுவது எனக்கு லேசாக இருக்கவில்லை. கை தானாகவே ‘சீரும் சிறப்பும்’ என்று போகும், பிடித்து இழுப்பேன். வெளுத்தார்கள் என்று எழுதினேன். பின்பக்கத்தால் வந்தார்கள் என்று எழுதினேன். எனக்கு மாற்றுச் சேலை சுற்றிவிட்ட கை பிறகு எனக்கு மாமியாரின் கை ஆனது என்று எழுதினேன். எந்த வீட்டுப் பெயரும் போடவில்லை, ஒரு வீட்டைத் தவிர. அந்த வீடு என் பிறந்த வீடு என்று எழுதினேன்.

அச்சுக்குப் போகமுன் அண்ணைக்குக் காட்டுவதுதான் முறை. நேரில் கொண்டுபோனேன். கடையின் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று படித்தார். இந்த முறை குரல் எழவில்லை. முடித்துவிட்டுத் தாளை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

“அண்டைக்கு விறாந்தையிலை நிண்டது நான்” என்றார். “அந்த மனுசி முன்படலையைத் தள்ளிக்கொண்டு வந்தது இப்பவும் என்ரை கண்ணுக்கை நிக்குது. அப்பா பிறகு சாப்பிடவே இல்லை, தெரியுமே உனக்கு? அந்த மானக்கேட்டை நீ புத்தகமா அடிச்சு ஊருக்குக் குடுக்கப்போறாய்.”

“ஆற்றை மானம் கெட்டது அண்ணை? அவை உடுப்பைக் களவெடுக்கேல்லை. மினுக்கி, மடிச்சு, கையிலை தந்திட்டுத்தானே போனவை.”

“எனக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு. நாளைக்குச் சம்பந்தம் பேச வாறவன் உதைத் தூக்கிக்கொண்டு வருவான். நீ வெங்காயத்தைப் போடு, காணியைப் போடு. அதுவும் உண்மைதானே?”

“வெங்காயத்தை மட்டும் போட்டால் அந்தப் படலை இல்லாமல் போயிடும். அவை ரெண்டு பேரும் தங்கடை வாழ்க்கையிலை செய்த பெரிய வேலை அதுதான். அதை வெட்டிப்போட்டு நான் ஆருக்குக் கல்வெட்டு அடிக்கிறது?”

அண்ணையின் கண் சிவந்தது. கோபமா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. “உதை அடிச்சால் நான் வாசிக்கமாட்டன். உன்ரை வீட்டுப் பக்கமும் வரமாட்டன். பிறகு என்னைக் குறை சொல்லாதை” என்றார்.

ரயிலில் ஹவுன்ஸ்லோ வரும்வரை அழுதேன். ஒரு முறை அண்ணை இல்லாமல் இருந்து பார்த்தவள் நான். அது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்து அச்சகக்காரருக்கு என் எழுத்தை அனுப்பினேன், ஒரு எழுத்தும் மாற்றாமல். அவர் படித்துவிட்டு எடுத்தார். “அக்கா, உண்மையா உதைத்தான் போடுறதோ?” என்றார். உதைத்தான் என்றேன்.

ஆரும் அண்ணைக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் வரவில்லை. இன்றுவரை வரவில்லை, பேசவும் இல்லை. ஆனால் அந்தியேட்டி அன்று காலையில் அவருடைய கடை வான் மண்டபத்துக்கு வந்தது. பூசணி, வாழைக்காய், கத்தரி, முருங்கை, கறிவேப்பிலை, வாழையிலை, சொன்னபடி எல்லாம் இருந்தன. ஓட்டி வந்தவரிடம் அண்ணை என்ன சொன்னார் என்று கேட்டேன். “ஒண்டும் சொல்லேல்லை, நல்லதாப் பாத்து ஏத்து எண்டவர்” என்றார். அந்த மரக்கறியைத்தான் வெட்டிச் சமைத்தோம்.

ஐயர் கிரியைகளை முடித்தார். மேசையில் மாமாவும் மாமியும் சேர்ந்திருக்கும் படம், மாலை, விளக்கு. மண்டபம் நிறைந்திருந்தது. புத்தகங்களை மகள் கதிரை கதிரையாகக் கொடுத்துக்கொண்டு போனாள். பக்கம் புரளும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. பின் வரிசையில் ஒருவர் புத்தகத்தை மூடிக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அவரோடு வந்தவரும் போனார். ஒரு வயதுபோன அம்மா கடைசிவரை தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார். வாசிக்க ஆள் இல்லை. நானே வாசிக்கிறேன் என்று முதல்நாளே சொல்லியிருந்தேன். கல்வெட்டைப் பெண் வாசித்து நான் எங்கும் கண்டதில்லை, என்றாலும் பரவாயில்லை என்று சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினேன்.

கணவர் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார்.

அவருக்கு நல்ல குரல் இல்லை. இராகம் தெரியாது. சபையில் ஒருநாளும் பேசியதில்லை. மைக்கை எங்கே பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். வெளுத்து வாழ்ந்தார்கள் என்ற வரியை வாசித்தார். பின்பக்கத்தை வாசித்தார், சேங்கொட்டைக் குறியை வாசித்தார். சொற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. நான் பக்கத்தில் நின்றேன், உட்காரவில்லை. அவர் தடுமாறினால் எடுத்துக்கொடுக்கலாம் என்று என் பிரதியைத் திறந்து வைத்திருந்தேன்.

மாமி முதல் படலையைத் திறந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து சபையைப் பார்த்தார்.

“இது புத்தகத்திலை இல்லை” என்றார். “அம்மா செத்த நேரம் அறிவித்தலிலை என்ரை பேர் வரேல்லை. நான்தான் போடவேண்டாம் எண்டனான். எனக்காக முன்படலையைத் திறந்த மனுசிக்கு நான் அப்பிடிச் செய்தனான். இண்டைக்கு எல்லாருக்கும் சொல்லுறன். நான் இவையின்ரை மூத்த மகன்.”

பிறகு குனிந்து, விரல் வைத்திருந்த வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.